பதின்மூன்றாம் சனலும் வேலிப் பொட்டும்

மடிக்கணினி சூடேறினால் இன்றும் அரிசித் தவிடு மணக்கிறது. விசிறி வேகமெடுத்து, பக்கத்துத் துளைகளால் மூச்சு விடத் தொடங்கும்போது முதலில் சூடான பிளாஸ்டிக் வருகிறது. அதன் பின்னால் மெல்ல, உயிலங்குளத்து வயலில் விளைந்த சிவப்புக் குத்தரிசி. பின்மூடியைக் கழற்றித் துடைத்துவிடலாம். திருப்புளியைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்பவும் மேசையில் வைத்திருக்கிறேன். அந்த மணம் போய்விட்டால், ஒரு வீட்டுக்குள் சந்தேகம் எந்த வழியால் வருகிறது என்பதை மறந்துவிடுவேனோ என்று ஒரு பயம். அதுவும் ஒரு சந்தேகம்தான்.

பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் எங்கள் வளவு, வீடும் மணல் நிலமுமாக. அப்பா அதை இரண்டாகப் பிரித்து, நடுவே பனையோலை வேலி போட்டுவிட்டுப் போனார். ஒரு பாதியில் தம்பியும் அவன் மனைவியும் பிள்ளைகளும். மற்றப் பாதியில் நான் மட்டும். கணவர் இறந்த பிறகு மன்னார் பட்டினத்து வாடகை வீட்டை விட்டுவிட்டு இங்கே வந்தேன். வேலியின் நடுவில் ஆள் குனிந்து போகுமளவு ஒரு இடைவெளி உண்டு. பொட்டு என்போம். கறிச்சட்டியும் சீனிக் கிண்ணமும் பிள்ளைகளும் அதனூடாகத்தான் வந்து போவார்கள்.

தம்பியின் மனைவி எனக்கு மச்சாள். அவளுக்கு நானும் மச்சாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஒரே சொல்லால் அழைத்துக்கொள்வோம். கண்ணாடியைப் பார்த்துக் கூப்பிடுவது போலிருக்கும். கண்ணாடிக்குள் இருப்பவள் என்ன நினைக்கிறாள் என்று தெரியாததும் அப்படியே.

எனக்கிருந்த ஒரே தொழில் சனிக்கிழமை மாலையில் ஒரு வகுப்பு. கனடாவிலும் நோர்வேயிலும் பிறந்த பிள்ளைகளுக்குத் திரையில் தமிழ் எழுதக் காட்டுவேன். முன்பு பட்டினத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் கணினி படிப்பித்தவள் என்பதால் அந்த வேலை கிடைத்தது. அது போனால் வவுனியாவில் அண்ணன் வீட்டுக்குப் போய், ஒரு அறையின் பாதியில், அவர்களுடைய பழைய அலுமாரிக்கும் யன்னலுக்கும் நடுவே மிச்சக் காலத்தைக் கழிக்க வேண்டும். அண்ணன் நல்லவர். வா என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறார். அவர் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு இந்தக் கடல் காற்று இன்னும் கொஞ்சம் தேவைப்படுகிறது.

மடிக்கணினி என்னோடு படித்த ஒருத்தி தந்தது. அமெரிக்காவிலிருந்து மடு மாதா கோயில் திருநாளுக்கு வந்தவள், போகும்போது தன் பழைய மெஷினை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். பழையது என்றாலும் உழைப்பாளி. விலைக்கு வாங்கும் மென்பொருளை அழித்துவிட்டு, யாரும் திறந்து பார்த்து மாற்றக்கூடிய இலவச லினக்ஸைப் போட்டேன். எனக்கு அதில் ஒரு கர்வம். இந்த வீட்டில் நான் சொல்வதைக் கேட்கும் ஒரே பொருள் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

இணைய இணைப்பு தம்பி வீட்டில். மச்சாளின் முன்னறையில், மாதா படத்துக்குக் கீழே, ஒரு வெள்ளை ரவுட்டர். வைஃபைக்கு அவர்களுடைய மூத்த பிள்ளையின் பெயர், என் மருமகளின் பெயர். என் மேசையிலிருந்து வேலி தாண்டி அது தெளிவாகப் பிடிக்கும். போனில் டேட்டா போட்டால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் கரையில் போன் அடிக்கடி கடலுக்கு அப்பால் போய்விடும். இந்தியாவுக்கு வரவேற்கிறோம் என்று ஒரு குறுஞ்செய்தி வரும். அதன் பிறகு போட்ட காசு எந்தக் கடலில் கரைந்தது என்று தெரியாது. ஆகவே டேட்டாவை மூடியே வைத்திருப்பேன். போனின் கீழ்வாயையும் உப்புக் காற்று தின்றுவிட்டது. சரித்துப் பிடித்தால் மின்னேறும். கேபிள் செருகி இணைப்பை மெஷினுக்குக் கடத்த அது உதவாது. வகுப்பு என்றால் மடிக்கணினி, மடிக்கணினி என்றால் மச்சாளின் வைஃபை.

ஒரு சனிக்கிழமை அந்தப் பெயர் காணாமல் போனது.

பட்டியலில் காற்றாலை வேலைக்கு வந்தவர்கள் தங்கும் விடுதியின் பெயர்கள் எல்லாம் இருந்தன. புதிது புதிதாக ஆங்கிலப் பெயர்கள். மருமகளின் பெயர் மட்டும் இல்லை. போனை எடுத்துப் பார்த்தேன். போனில் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தமும் கேட்டது. மச்சாள் இத்தாலியில் இருக்கும் தங்கச்சியோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தாள். இணைப்பு உயிரோடுதான் இருந்தது. என் மெஷினுக்கு மட்டும்தான் அது செத்திருந்தது.

கேட்டுவிடலாம் என்று எழுந்து பின்வளவால் போனேன். பொட்டில் பழைய மீன்வலை கட்டியிருந்தது. இறுக்கமாக, புது நைலோன் கயிற்றால், அவளுடைய பக்கத்தில் முடிச்சுப் போட்டு.

வலையின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேனோ. பிறகு திரும்பி வந்துவிட்டேன்.

வகுப்பு நடக்கவில்லை. பொறுப்பாளர் அம்மா மறுநாள் குரல் செய்தி அனுப்பியிருந்தா. மரியாதையாகத்தான் பேசினா. பிள்ளைகள் காத்திருந்தார்கள் என்றும், அடுத்த சனியும் இப்படி என்றால் வேறொரு ரீச்சரைப் பார்க்க வேண்டி வரும் என்றும் சொன்னா. அந்த மரியாதையில்தான் எனக்குக் குளிர்ந்தது.

சந்தேகம் ஒரு நல்ல தையற்காரி. கிடைத்த துணியையெல்லாம் சேர்த்துத் தைக்கும். மச்சாள் போன மாதம் கரண்ட் பில் கூடிவிட்டது என்று யாரிடமோ சொன்னது, நான் கொடுத்த பலாப்பழத்துக்குக் கிண்ணம் திரும்பி வராதது, ஞாயிறு பூசையில் அவள் வேறு வரிசை வாங்கில் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்தால் ஒன்றுமில்லை. தைத்துப் பார்த்தால் ஒரு முழுச் சட்டை. அந்தச் சட்டையை நான் ஒரு கிழமை கழற்றவில்லை. மச்சாள் என்னை வெளியேற்றப் பார்க்கிறாள், என் பாதி வளவு அவளுக்குத் தேவை என்பதுவரை போய்விட்டேன். இரவில் காற்றாலைகள் சுற்றும் ஓசை கூட, இல்லை, இல்லை, இல்லை என்று கேட்டது.

தம்பி கடலால் வந்து வலை உலர்த்திக்கொண்டிருந்தபோது வாசற் படலையடியில் பிடித்தேன்.

“வைஃபையில ஏதும் மாத்தினீங்களோ?”

“அக்கா, அது வீட்டுக்காரியின்ர இலாகா. அந்தப் பெட்டிக்குக் கிட்டப் போனாலே எனக்குப் பேச்சு விழும். கடலைப் பற்றிக் கேளுங்கோ, சொல்லுறன்.”

“பொட்டில ஏன் வலை?”

“அதையும் அவவிட்டத்தான் கேக்கோணும்,” என்றான். வலையிலிருந்து ஒரு நண்டுக் காலைப் பிடுங்கி எறிந்தான். “ரண்டு பேருக்கும் வாய் இருக்குத்தானே? என்னை ஏன் நடுவில தொங்கவிடுறியள்?”

கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் அவள் சிரித்துக்கொண்டு இல்லையே மச்சாள் என்பாள், அந்தச் சிரிப்பை வைத்து நான் இன்னும் ஒரு கை தைத்துவிடுவேன். எனக்கு ஆதாரம் வேண்டியிருந்தது.

ரவுட்டரில் ஒருவரின் மெஷினை மட்டும் தடுக்க வழி உண்டு. அது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குப் படிப்பித்திருக்கிறேன். ஆனால் அப்படித் தடுத்தால் பெயர் தெரியும், கதவுதான் திறக்காது. இங்கே பெயரே இல்லை. பெயரை மறைக்கவும் முடியும். அப்போது ஏற்கனவே தெரிந்த போன்கள் போய் ஒட்டிக்கொள்ளும், புதுப் போனுக்குத் தெரியாது. ஆகவே எனக்கு ஒரு புதுப் போன் தேவைப்பட்டது.

மீன் வாங்கிப் போக மோட்டார் சைக்கிளில் வரும் முஸ்லிம் அண்ணர், நானா என்போம், படலையடியில் நின்றார். சிலாவத்துறைப் பக்கத்து ஆள், எப்போதும் ஏதோ ஒரு பாட்டு முணுமுணுப்பார்.

“நானா, உங்கட போனில இந்தப் பக்கம் என்னென்ன வைஃபை தெரியுது எண்டு ஒருக்காப் பாருங்கோவன்.”

“நான் மீனுக்கு வந்தா நீங்கள் காத்தைக் காட்டுறியளோ?” என்று சொல்லிக்கொண்டு பார்த்தார். பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். மருமகளின் பெயரையும் வாசித்தார். “இது நம்மட பிள்ளையின்ர பேரெல்லோ? நல்லாப் பிடிக்குது. பாஸ்வேர்ட் சொல்லுங்கோ, நானும் ஒரு படம் பாக்கிறன்.”

அவர் போன பிறகு நான் வாசற்படியில் இருந்துவிட்டேன். மறைக்கவில்லை. தடுக்கவுமில்லை. ஊரில் எல்லாப் போனுக்கும் தெரிகிறது. என் மெஷினுக்கு மட்டும் தெரியவில்லை. அப்படியானால் பொய் சொல்வது என் மடியில் இருப்பது.

அன்று தொடங்கி நான் மெஷினை ஒரு சந்தேக ஆளைப் போல விசாரித்தேன்.

வைஃபை என்பது ஒரே காற்றில் பல பாதைகள். சனல் என்பார்கள். ஒன்று, இரண்டு என்று இலக்கம் இருக்கும். எங்கள் நாட்டில் பதின்மூன்று வரைக்கும் போகலாம். அமெரிக்காவில் பதினொன்றோடு நின்றுவிட வேண்டும். அதற்கு மேலே உள்ள பாதைகளுக்குப் பக்கத்தில் வேறு தேவைக்கான அலைகள் இருப்பதால் அங்கே அவற்றைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். மடிக்கணினிக்குள் இருக்கும் வயர்லெஸ் கார்ட், நகத்தளவு ஒரு பலகை, தான் எந்த நாட்டுக்காக விற்கப்பட்டதோ அந்த நாட்டின் பெயரைத் தனக்குள் சுட்டு வைத்திருக்கும். அதை நடத்துகிற சிறிய நிரலுக்கு டிரைவர் என்று பெயர். கார்ட்டை எழுப்பியதும் டிரைவர் அந்தப் பெயரை வாசிக்கிறது. வாசித்துவிட்டு, அந்த நாட்டுச் சட்டம் எதை விடுகிறதோ அதை மட்டும் விடுகிறது.

மச்சாளின் ரவுட்டர் பதின்மூன்றாம் சனலுக்குப் போயிருந்தது. போனில் ஒரு சிறிய செயலியைப் போட்டுப் பார்த்ததும் தெரிந்தது. என் கார்ட் அமெரிக்காவில் பிறந்தது. பதின்மூன்றை அது கேட்க முடியாமல் இல்லை. அந்தப் பக்கம் காதைத் திருப்புவதே இல்லை.

நான் இலங்கையில் இருக்கிறேன் என்று கட்டளை கொடுத்தேன். சரி என்றது. சனல் பட்டியலைக் கேட்டேன். பதின்மூன்றுக்கு நேரே, முடக்கப்பட்டது. இன்னொரு முறை சொன்னேன். மீண்டும் சரி என்றது. மீண்டும் முடக்கப்பட்டது. நீ சொல்லும் நாடும் எனக்குள் எழுதிய நாடும் வேறென்றால், இரண்டிலும் இறுக்கமானதைத்தான் எடுப்பேன். அதுதான் அதன் விதி. தலையாட்டிவிட்டுத் தன் எண்ணப்படி செய்யும் அரசாங்கக் கந்தோர் ஆட்களை எனக்குத் தெரியும். ஆனால் என் மடியில், என் விரலுக்குக் கீழே, நான் துடைத்துத் துடைத்து வைத்திருக்கும் பொருளுக்குள் ஒருவர் கதிரை போட்டு இருப்பார் என்று நினைக்கவில்லை.

ஒரே மேசையில் மூன்று நாடுகள். இந்தியாவில் இருப்பதாக நினைக்கும் போன். அமெரிக்காவில் இருப்பதாக நினைக்கும் கார்ட். நடுவில் நான், மன்னாரில், வேலிக்கு இந்தப் பக்கம்.

இணையத்தில் இதைப் பற்றி ஒரு பழைய வாக்குவாதம் கிடைத்தது. டிரைவர் எழுதுகிறவர்களில் ஒரு பகுதியார், கார்ட் செய்யும் கொம்பனிகள் அரசுகளுக்கு உறுதி கொடுத்துத்தான் விற்கின்றன, அந்தப் பூட்டை நாங்கள் உடைத்தால் நாளைக்கு நிரலையே எங்கள் கண்ணில் காட்டமாட்டார்கள் என்கிறார்கள். மற்றவர்கள், என் பொருள் என் பேச்சைத்தான் கேட்க வேண்டும், நான் எந்த நாட்டில் இருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாதா என்கிறார்கள். நான் முழுக்க இரண்டாம் பக்கம். முதற் பக்கத்தவர்கள் அமைதியாக, காரணம் சொல்லி எழுதியிருந்தார்கள். அந்த அமைதியையும் நான் நம்பவில்லை. சோதனைச் சாவடிகளில் அமைதியாகக் காரணம் சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதன் கீழேயே யாரோ முகம் தெரியாத ஒருவர் சில வரிகள் எழுதி வைத்திருந்தார். டிரைவரின் மூல நிரலில் அந்த வரிகளை மாற்றித் திரும்பக் கட்டினால், கார்ட்டுக்குள் சுட்ட பெயரை அது வாசிக்காது. எல்லாப் பாதையும் திறக்கும். எல்லாம் என்றால் எல்லாம். உயரத்தில் சில சனல்கள் இருக்கின்றன. அவற்றில் பேசமுன் ராடார் ஓசை இருக்கிறதா என்று கேட்க வேண்டும், கேட்டால் வாயை மூடி விலக வேண்டும். அந்தக் கடமையையும் அந்த வரிகள் கழற்றிவிடும். எனக்கு அது தேவையில்லை. எனக்குத் தேவை பதின்மூன்று மட்டும். ஆனாலும் எல்லாவற்றையும் போனில் இறக்கி, மெமரி கார்ட்டால் மெஷினுக்குக் கடத்தி, வந்த வரிகளைப் பிரிக்காமல் அப்படியே போட்டேன். கோபத்தில் கதவைத் திறப்பவர் எவ்வளவு திறக்கிறோம் என்று பார்ப்பதில்லை.

மெஷின் வெகுநேரம் முனகியது. பிறகு மருமகளின் பெயர் பட்டியலில் எழுந்து வந்தது. கடலுக்குள் போனவர் திரும்பி வந்தது போல.

மச்சாளிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் இவ்வளவும் வேண்டாம். ரவுட்டரைப் பதினொன்றுக்கு இறக்கியிருந்தால் போதும். அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் வலை கட்டியவளிடம் போய் வலையைப் பற்றிக் கேட்காமல் சனலைப் பற்றி மட்டும் எப்படிக் கேட்பது? என் மெஷின், என் கை, என் வழி.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம். மாலை வகுப்புக்கு எழுத்துகளைத் திரையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். படலை கிறீச்சிட்டது. யன்னலால் பார்த்தால் சீருடை. கடற்படைக்காரர் இரண்டு பேர்.

என் மூளை அப்போது ஒன்றும் நினைக்கவில்லை. கைதான் நினைத்தது. சின்ன வயதில், யுத்தத்தில் பற்றரி வைத்திருப்பதே குற்றமாக இருந்த காலத்தில், இராணுவச் சப்பாத்துச் சத்தம் கேட்டால் அம்மா வானொலிப் பற்றரிகளை அரிசிக்குள் புதைப்பா. ஒரு வார்த்தை பேசாமல், முழங்கை வரை அரிசிக்குள் விட்டு. அந்த முழங்கை எனக்கு எப்போது வந்ததோ தெரியாது. ஓடிக்கொண்டிருந்த மடிக்கணினியைச் சடக்கென்று மூடி, குசினிக்குள் போய், நீலப் பீப்பாவின் மூடியைத் திறந்து, குத்தரிசிக்குள் செங்குத்தாக இறக்கி, மேலே அரிசியைத் தள்ளி மூடினேன். ராடாரை மதிக்க வேண்டாம் என்று நான் சொல்லிவைத்த பொருள். கரையில் ராடார் வைத்திருப்பவர்கள் வாசலில்.

“அக்கா,” என்றான் இளையவன், தெரிந்த தமிழில், “மண்வெட்டி இருக்கா? வாகனம் மணல் உள்ள போச்சி.”

நான் அவன் முகத்தையே பார்த்தேன். பின்னால் இருப்பது என்ன கேள்வி என்று தேடினேன். ஒன்றுமில்லை. வியர்வையும் மணலும்தான்.

எனக்கு வாய் வரமுன் மச்சாள் மண்வெட்டியோடு வேலிக்கு வெளியே ஒழுங்கையால் சுற்றி வந்துவிட்டாள். தன் முற்றத்திலிருந்து எல்லாம் கேட்டிருக்கிறாள். “இந்தாங்கோ. வேலை முடிஞ்சா படலையில சாத்திவிட்டுப் போங்கோ, கடலில கொண்டுபோய்ப் போட்டுராதையுங்கோ,” என்று கொடுத்தாள். அவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள்.

மச்சாள் போகவில்லை. தண்ணீர் குடிக்க என்று குசினிக்குள் வந்தாள். செம்பைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள்.

“மச்சாள், அரிசிக்குள்ள இருந்து வயர் வருது.”

மின்கம்பியைக் கழற்ற மறந்திருந்தேன். கறுப்பு வயர் பீப்பா விளிம்பால் வழிந்து நிலத்தில் கிடந்தது.

“ஓம்,” என்றேன்.

“அவியப் போட்டிருக்கிறியளோ?”

அவள் செம்பை வைத்துவிட்டு மூடியைத் திறந்தாள். மெஷின் மூடியிருந்தாலும் தூங்கவில்லை. அரிசிக்குள்ளிருந்து விசிறி இரைந்தது.

“அவங்களைக் கண்டு ஒளிச்சனீங்களோ, என்னைக் கண்டு ஒளிச்சனீங்களோ?”

“அவங்களைக் கண்டுதான்.”

“அப்ப என்னைக் கண்டு ஏன் ஒரு கிழமையா ஒளிக்கிறியள்? லைட் எரியுது, கதவு பூட்டு. பூசையிலயும் முகம் பாக்கிறேல்லை. நான் என்ன நினைச்சன் தெரியுமோ? நீங்கள் வவுனியாவுக்குப் போகப் போறியள், இந்தப் பாதியைக் காத்தாடிக் கொம்பனிக்கு விடுதி கட்டக் குடுக்கப் போறியள் எண்டு. உங்கட தம்பியைக் கேட்டன். என்னை நடுவில தொங்கவிடாதை எண்டார்.”

கண்ணாடிக்குள் இருந்தவளும் ஒரு சட்டை தைத்து வைத்திருந்தாள்.

“நீங்கள்தானே வைஃபையை மாத்தினீங்கள்,” என்றேன்.

“ஓம், நான்தான் மாத்தினனான். விடுதிக்காரர் வந்த நாளிலயிருந்து தங்கச்சியின்ர முகம் திரையில கல்லு மாதிரி நிக்குது. கொம்பனிக்குப் போன் பண்ணினன். எல்லாரும் நெருக்கிற இடத்தில நிக்காதையுங்கோ, பதின்மூண்டு வெறுமையாக் கிடக்கு எண்டு அந்தப் பொடியன் சொல்லித் தந்தான். நானே அமத்தி மாத்தினன். இதெல்லாம் எனக்கு ஏலாதெண்டு நினைச்சியளோ?”

“என்ர மெஷின் பதின்மூண்டைப் பாக்காது, மச்சாள்.”

“ஏன், அதுக்குக் கண்ணில்லையோ?”

சொன்னேன். அமெரிக்காவில் பிறந்த கார்ட்டை, அதற்குள் சுட்டிருக்கும் பெயரை, தலையாட்டிவிட்டுக் கேட்காத டிரைவரை, நான் உடைத்த பூட்டை. அவள் பீப்பாவின் விளிம்பில் கையூன்றி, இடையில் பேசாமல் கேட்டாள்.

“இஞ்ச சட்டம் பதின்மூண்டை விடுதோ?”

“விடுது.”

“அப்ப உடைச்சது பிழையில்லைத்தானே.”

“இல்லை.”

“பிறகேன் அரிசிக்குள்ள தாட்டனீங்கள்?”

அந்தக் கேள்விக்கு அந்த வாக்குவாதத்தில் யாரும் விடை எழுதியிருக்கவில்லை. “எனக்கு வேணும் எண்டதை விடக் கனக்கத் திறந்துபோட்டன்,” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நம்பினாள் என்று சொல்ல மாட்டேன். அளந்தாள். பிறகு மெஷினைத் தூக்கி எடுத்து மடியில் கவிழ்த்துத் தட்டினாள். அரிசி மணிகள் நிலத்தில் சிதறின. விசிறி ஒரு தடவை அரைபட்டு நின்றுவிட்டது.

“எத்தினை மணிக்கு வகுப்பு?”

“பொழுதுபடேக்கை.”

“இது இப்பிடிக் கிடந்தா உங்கட பிள்ளையள் சோறுதான் படிக்கோணும்.”

ஒழுங்கையால் சுற்றிப் போய், மகனின் சைக்கிள் பம்பையும் தலைமயிருக்குச் சாயம் பூசும் தூரிகையையும் கொண்டு வந்தாள். நான் மூடியைக் கழற்றிப் பிடித்தேன். அவள் பம்பை அடித்தாள். தவிடு சிவப்பாகப் பறந்து இருவர் முகத்திலும் ஒட்டியது. தும்மினோம். விசிறியின் இதழுக்குள் ஒரு மணி குத்தி நின்றது. கொண்டையூசியால் அதைக் கிளப்பி எடுத்தவள் அவள்தான். மெஷினைப் போட்டேன். சுற்றியது. மணத்தோடு சுற்றியது.

“இப்ப எந்த இலக்கம் வேணும்?”

“மச்சாள், மெஷின் இப்ப பதின்மூண்டைப் பாக்கும். மாத்தத் தேவையில்லை.”

“உடைச்ச பூட்டோடையோ? திரும்ப ஆரும் மண்வெட்டி கேட்டு வந்தா நடுவகுப்பில பிள்ளையளையும் சேத்து அரிசிக்குள்ள போடுவியள்.” பதினொன்று போதும் என்றேன். போனை எடுத்து ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தாள். கடவுச்சொல்லை அடிக்கும்போது திரையைச் சற்று மறுபக்கம் சரித்தாள். நானும் சற்று மறுபக்கம் பார்த்தேன். பார்த்தது போல இல்லாமல் பார்த்தேன் என்பதே சரி.

பழைய டிரைவரையே எழுப்பினேன், உடைக்காததை. பதினொன்றாம் சனலில் மருமகளின் பெயர் சாதுவாக வந்து நின்றது. வகுப்பு நடந்தது. நோர்வேப் பிள்ளை ஒன்று ழகரத்தை வாலில்லாமல் எழுதிக் காட்டியது. இடையிடையே விடுதிக்காரரின் நெரிசலில் என் குரல் அறுந்ததாம். பொறுப்பாளர் அம்மா, பரவாயில்லை ரீச்சர், வந்தீங்களே, என்றா. நான் வவுனியாவை அந்த இரவு நினைக்கவில்லை.

பின்னர் அந்த வரிகளைத் திரும்ப எடுத்துப் பிரித்தேன். இலங்கைச் சட்டம் விடுவதை மட்டும் திறந்து, ராடாரைக் கேட்டு விலகும் கடமையைத் திரும்பப் பூட்டி, நானே கட்டினேன். அதில்தான் இன்று வகுப்பு நடக்கிறது, மச்சாள் திரும்ப மாற்றிவிட்ட பதின்மூன்றில், அவளுடைய தங்கச்சியும் கல்லாகாமல். இறுக்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இறுக்குகிறவர் எங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும். கார்ட் எனக்குச் சொல்லாமல் வேறொரு நாட்டுக்குக் கீழ்ப்படிகிறது, நான் மச்சாளுக்குச் சொல்லாமல் உடைக்கிறேன், மச்சாள் எனக்குச் சொல்லாமல் மாற்றுகிறாள். மூன்றிலும் எனக்கு நோவது அந்தச் சொல்லாமைதான்.

முழுக்கத் திறந்த அந்த முதல் டிரைவரை நான் இன்னும் அழிக்கவில்லை. ஒரு மூலையில் பெயர் மாற்றி வைத்திருக்கிறேன். அது மச்சாளுக்குத் தெரியாது. ரவுட்டரின் கடவுச்சொல்லை அவள் அதன்பின் மாற்றிவிட்டாளா என்பது எனக்குத் தெரியாது.

அன்று வகுப்பு முடியும்வரை அவள் என் வாசற்படியில்தான் இருந்தாள், மெஷின் நின்றுவிட்டால் பம்ப் அடிக்க என்று. வெளியே கடற்படைக்காரர் மண்வெட்டியைச் சொன்னபடி படலையில் சாத்திவிட்டுப் போயிருந்தார்கள். அவள் அதைத் தோளில் வைத்துக்கொண்டு ஒழுங்கைப் பக்கம் போகாமல் பின்வளவால் நடந்தாள். நானும் கூட நடந்தேன். பொட்டடியில் வலையின் கீழ்மூலையைத் தூக்கிக் குனிந்து அந்தப் பக்கம் போனாள். போய், திரும்பி நின்று, நைலோன் கயிற்றை எடுத்து மறுபடி கட்டத் தொடங்கினாள். அவளுடைய பக்கத்தில்.

“ஏன் மச்சாள் இன்னும் கட்டிறியள்?”

“கழுதையள். என்ர முருங்கைக் கண்டுகளை முழுக்கத் திண்டுபோட்டுதுகள். உங்கட படலைக் கொளுவி உடைஞ்சு எத்தினை மாசம்?”

ஊரெல்லாம் திரியும் கழுதைகள். என் படலை ஒழுங்காகச் சாத்துவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு கிழமையாக என் சட்டையில் இந்த ஒரு துணியை மட்டும் நான் சேர்க்கவில்லை.

“சரி. முடிச்சை ஏன் உங்கட பக்கம் போடுறியள்?”

இறுக்கி ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். இருட்டில் முகம் தெரியவில்லை.

“கழுதை உங்கட பக்கத்தாலதானே வருது, மச்சாள்.”